பெட்டியா, கணனியா?

கல்கிசையில் எமது ஒழுங்கையிலேயே வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற ஞாயிறு மாலை எம்மைக் காண வந்தார். கொடுத்த தேநீரை ஆறவிட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து எம்முன் வைத்தார். அவருடைய மகனின் கையெழுத்து. புரொசசர், ராம், கிராபிக்ஸ் கார்ட் என்று பன்னிரண்டு பொருள்கள். அடியிற் கூட்டுத்தொகை நான்கு இலட்சம் ரூபாவை நெருங்கியிருந்தது.

"தம்பி உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். முடிந்ததும் விளையாட ஒன்று வாங்கித் தருவேன் என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். என்னால் இயன்றது இரண்டரை இலட்சம். பிளேஸ்டேஷன் என்றால் அதற்குள் அடங்கும் என்கிறார்கள். இவனோ கணனிதான் வேண்டும், படிப்புக்கும் உதவும் என்கிறான். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்றார்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ இல்லங்களில் எழும் வினாதான் இது. ஆதலால் அன்று நண்பரோடு பேசியவற்றை வாசகர்களுக்கும் சொல்லுதல் பயனுடைத்து என எண்ணுகிறோம்.

முதலில் விலை. பிளேஸ்டேஷன் 5 என்னும் பெட்டி 2020 நவம்பரில் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 499 டாலர். இறுவட்டுப் போடும் வசதி இல்லாதது 399 டாலர். 2022 இன் தொடக்கத்தில் இங்கே டாலர் ஒன்று 200 ரூபா அளவில் இருந்தது. சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியது. அதே 499 டாலர், ஓர் இலட்சம் ரூபாவாக இருந்தது 180,000 ரூபாவாயிற்று. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. முன்னைய காலத்தில் இத்தகைய பெட்டிகள் பழகப் பழக மலியும், காத்திருப்பவன் கெட்டிக்காரன். இம்முறையோ சோனி நிறுவனம் 2025 ஆகஸ்டில் அமெரிக்க விலையை மேலும் 50 டாலர் கூட்டியது. கணனி பக்கமும் ஆறுதல் இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டமையால், 2025 இன் பிற்பகுதியில் ராம் விலை உலகெங்கும் ஏறிற்று.

எனினும், கொடுக்கும் பணத்துக்குக் காட்சியின் அழகை மட்டும் அளந்தால், பெட்டியே வெல்லும். ஒரே மாதிரியாகப் பல இலட்சக்கணக்கிற் செய்யப்படுவது அது. மேலும், பின்னர் விற்கும் விளையாட்டுக்களிலிருந்து இலாபம் வரும் என்பதனால் பெட்டியைக் குறைந்த இலாபத்தில் விற்கவும் நிறுவனத்துக்கு முடிகிறது. அதே தொகைக்கு அதே வல்லமையுள்ள புதிய கணனியைப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எந்தத் தளத்தில் ஏறித் தேடினாலும் கண்டுபிடித்தல் அரிது. இதுவரையில் நண்பரின் முகம் தெளிந்தது.

ஆனால், இலாபத்தைப் பின்னர் எடுப்பார்கள் என்றோமல்லவா? அந்தப் பின்னரையும் பார்த்தல் வேண்டும். பிளேஸ்டேஷனில் நண்பர்களோடு இணையவழியாக ஆடுவதற்குப் பெரும்பாலான விளையாட்டுக்களுக்குச் சந்தா கட்டவேண்டும். இலவச விளையாட்டுக்களுக்கே விலக்கு உண்டு. அமெரிக்காவில் அதன் மிகக் குறைந்த ஆண்டுச் சந்தா 2023 செப்டம்பரில் 60 டாலரிலிருந்து 80 டாலராக உயர்ந்தது. டாலரை 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 24,000 ரூபா. ஐந்தாண்டுக்கு 120,000 ரூபா. நண்பரின் இரண்டரை இலட்சத்தில் ஏறக்குறையப் பாதி! கணனியில் இத்தகைய வாயிற்கட்டணம் பொதுவாக இல்லை.

இன்னுமொன்று. சோனியின் இணையக் கடை நடைபெறும் நாடுகளின் வரிசையில் இலங்கை இடம்பெறவில்லை. நம் பிள்ளைகள் வேறொரு நாட்டின் பெயரிற் கணக்குத் திறந்து, அந்நாட்டுக்கான பரிசு அட்டைகளை வாங்கியே காரியம் பார்க்கிறார்கள். ஆகவே பெட்டி வாங்குவோர் விலை குறைவு என்று இறுவட்டில்லாததை வாங்குதல் சிக்கனமன்று. இறுவட்டு இருந்தால் பழையதை வாங்கலாம், ஆடி முடித்ததை விற்கலாம், தோழனோடு மாற்றிக்கொள்ளலாம். இல்லையேல், கடல் கடந்த கடை ஒன்றே கதி.

கனடாவிலோ இலண்டனிலோ இருந்து வரும் மாமாவிடம் சொல்லியனுப்புவதும் நம்மவர் வழக்கம். நல்லதே, ஆனால் பழுதானால் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டிலேயே தங்கிவிடும். இங்கு வாங்குவோரும், உத்தரவாதம் முகவருடையதா, கடைக்காரருடையது மட்டுமா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொள்ளல் வேண்டும்.

கணனியின் பெருமை வேறு. இன்று சிறிதாக வாங்கி, நாளை ஓர் உறுப்பை மாற்றி வளர்க்கலாம். பழைய விளையாட்டுக்கள் அதில் இறப்பதில்லை. 2006 இல் வெளிவந்த கிரிக்கெட் 07 இன்றும் நம் நாட்டுப் பழைய கணனிகளில் ஓடிக்கொண்டிருப்பதைப் பல வாசகர்கள் அறிவர். வலோரன்ட், டோட்டா 2, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆகியவற்றைத் தொடங்கக் காசு வேண்டியதில்லை. ஸ்டீம் என்னும் இணையக் கடை இலங்கையிலிருந்து நேரே வாங்க இடமளிக்கிறது.

மின்பட்டியலையும் மறத்தலாகாது. பெட்டி பெரிய விளையாட்டொன்றை ஓட்டும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். நாளுக்கு இரண்டு மணி ஆடினால் மாதம் 12 அலகு. பெரிய கிராபிக்ஸ் கார்ட் பூட்டிய கணனி மொனிட்டரோடு 350 வாட் இழுத்தால் 21 அலகு. நம் நாட்டிற் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஆதலின் இந்த அலகுகள் பட்டியலின் அடிப்படியிலன்று, வீட்டின் உச்சப்படியிலேயே போய்ச் சேரும்.

இவ்வளவும் சொல்லியும் நாம் தீர்ப்புக் கூறவில்லை. விளையாட்டுப் பொருளைத் தெரிவதற்குக் கடையைப் பார்ப்பது போதாது. அது குடிபுகும் வீட்டையும் பார்த்தல் வேண்டும். ஆகவே மறுநாள் மாலை நண்பர் வீட்டுக்குச் சென்றோம்.

முன்விறாந்தையில் ஒரே தொலைக்காட்சி. அதன் முன் நண்பரின் தாயார், மாலை நாடகத்தில் ஆழ்ந்திருந்தார். பெட்டி வந்தால் அமரவேண்டிய இடம் அதுதான். ஆச்சி எங்கே போவார் என்று ஒருவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் மூத்த மகள், கணக்கியல் படிப்பவள், பழைய மடிக்கணனி ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இது போதுமா, பிள்ளை?" என்று கேட்டோம்.

அவள் தந்தையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "வயரை இப்படிப் பிடித்துக்கொண்டிருந்தால் வேலை செய்யும், மாமா. பெரிய கணக்குத் தாள் திறந்தால் நின்றுவிடும். ஒப்படைக்கும் நாட்கள் வந்தால் வெள்ளவத்தையில் சிநேகிதி வீட்டுக்குப் போய்ச் செய்வேன்" என்றாள்.

"ஏன் பிள்ளை சொல்லவில்லை?" என்றார் நண்பர்.

"தம்பிக்கென்று வைத்த காசல்லவா, அப்பா?"

நண்பர் பதில் சொல்லவில்லை. வாசற்கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தம்பியும் பேசவில்லை. சற்றுநேரம் சென்று அவனே மேசைக்கு வந்து, தந்தையின் கையிலிருந்த கடதாசியை வாங்கினான். கிராபிக்ஸ் கார்ட் என்ற வரியைக் கோடிட்டு வெட்டி, பக்கத்தில் 'பிறகு' என்று எழுதினான். பட்டியலின் பெருந்தொகை அந்த ஒரு வரியிலேதான் இருந்தது.

அதன் பின் நாமும் அவனும் அமர்ந்து பட்டியலைத் திருத்தினோம். காட்சி வசதியைத் தன்னுள்ளேயே கொண்ட புரொசசர் ஒன்று. தனிக் கார்ட் இல்லாமலே இலவச விளையாட்டுக்களை அது ஓட்டும். ராம் ஒரே துண்டாக அன்றி இரண்டு துண்டுகளாக. இத்தகைய புரொசசருக்கு அதுவே வேகம் தரும். பவர் சப்ளை மட்டும் மலிவானது வேண்டாம் என்றோம். நாளை கார்ட் பூட்டும்போது பாரத்தைத் தாங்கவேண்டியது அதுவே. 2022 இல் ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்ட நமக்கு யூ.பி.எஸ். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. வைக்கும் இடம், கடற்காற்று நேரே புகும் மேற்குச் சன்னலுக்கு அருகே ஆகாது. உப்புக்காற்று இரும்பையும் செம்பையும் அரித்துவிடும். கூட்டிப் பார்த்தோம். இரண்டரை இலட்சத்துக்குள் அடங்கியது.

எல்லோருக்கும் இதுவே முடிவு என்று கொள்ளற்க. வீட்டில் வேலைக்கேற்ற கணனி ஏற்கெனவே இருந்து, தொலைக்காட்சியும் மாலையில் ஓய்ந்திருக்குமாயின், இறுவட்டுள்ள பெட்டியை மனத்தடையின்றி வாங்கலாம். பிள்ளையின் தோழர் யாவரும் பெட்டியில் ஆடுவோராயின் அதுவும் ஒரு காரணமே. இரண்டிலும் இருப்போர் ஒருங்கே ஆட எல்லா விளையாட்டும் இடந்தருவதில்லை. வெறும் விளையாட்டுக்கே வாங்குகிறோம் என்று சொல்லி வாங்குவதிலும் இழிவில்லை. பரீட்சை எழுதிய பிள்ளை விளையாடட்டுமே! ஆனால், படிப்பென்ற பெயரில் விளையாட்டை வாங்க முற்படும்போது, உண்மையாகவே படிப்பவர் அவ்வீட்டில் யார் என்று ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.

சென்ற வியாழன் தந்தையும் மக்கள் இருவரும் 101 ஆம் இலக்க பஸ்ஸிற் பம்பலப்பிட்டி சென்று, முச்சக்கர வண்டியிற் சாமான்களோடு திரும்பினர். எட்டு மணி வரை அக்காவுக்கு, அதன் பின் தம்பிக்கு என்று அவர்களே நேரம் வகுத்துக்கொண்டனராம். வெட்டிய வரியுள்ள அந்தக் கடதாசியைத் தம்பி எறியவில்லை. மொனிட்டரின் பின்புறம் ஒட்டி வைத்திருக்கிறான். ஒழுங்கையிலுள்ள சிறுவர் இருவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியுள்ளதாகவும், முதல் மாதக் காசு கார்ட்டுக்கென்று எடுத்து வைக்கப்பட்டதாகவும் நண்பர் கூறினார்.