கூத்துக்கு முன் ஓர் இராவுணவு

கொழும்பிலிருந்து மன்னார் வந்த நண்பரொருவர், "இரவு கூத்துப் பார்க்குமுன் எங்கே உண்பது?" என்று நம்மிடம் வினவினார். லயனல் வென்ட் அரங்கிலே இரண்டு மணி நேர நாடகம் பார்த்துப் பழகியவர் அவர். இங்கே 'எங்கே' என்பதன்று, 'எதை' என்பதே கேள்வி. மாதோட்டத்துக் கத்தோலிக்க நாடகம் ஓரிரவில் அடங்காது. அதன் சுருக்கமாகிய வாசாப்புக்கே விடியும்வரை விழித்திருத்தல் வேண்டும்.

ஒடியற் கூழை நண்பர் விரும்பினார். மீனும் நண்டும் இறாலும் பயிற்றங்காயும் கொதிக்கும் அக்கூழுக்கு நிகர் ஏது? (அதன் மிளகாயையும், 'எண்டிறீக்கு எம்பரதோர்' நாடகத்தின் 'எம்பரதோர்' என்னும் சொல்லையும் நமக்குத் தந்தவர் போர்த்துக்கீசரே.) ஆயினும் இரண்டு பிளாக் கூழ் பருகியவர் கட்டியகாரன் வருமுன்னரே கண்ணயர்வார். நாமே ஒருமுறை அவ்வாறு பாயிற் சாய்ந்து, மங்களம் பாடுகையில் விழித்தோம். "ராசா செத்துப்போனார், தம்பி" என்றார் பக்கத்திலிருந்த ஆச்சி.

ஆகவே இடியப்பமும் சொதியும் சிறிது மீன் குழம்புமே நண்பருக்கு இட்டோம். நள்ளிரவுக்குமேல் கச்சானும் தேநீரும் துணைநின்றன. மங்களம் முடிந்ததும் நண்பர் நம் பக்கம் திரும்பி, "கூழ் மிச்சம் உண்டா?" என்றார்.