வாந்தித் தடுப்புக்கும் ஒரு குறியீடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தஞ்சாவூரில் ஒருவருக்குப் பித்தப்பையை அகற்றினால், அந்த அறுவைக்கு ஒரு குறியீடு, அதற்கென ஒரு தொகை. மயக்க மருந்து, ஊசி, வார்டு எல்லாம் அதற்குள் அடக்கம். அறுவைக்குப் பின் குமட்டலும் வாந்தியும் வராமலிருக்க ஏதாவது செய்தார்களா என்பதை அந்தக் குறியீடு சொல்லாது. சொல்ல வைக்க வேண்டும் என்கிறோம்.

வாந்திதானே என்பவர்கள் வயிற்றில் தையலோடு ஓங்கரித்துப் பார்த்ததில்லை. தையல் இழுக்கும், கஞ்சி இறங்காது, வீடு திரும்புவது தள்ளிப்போகும். பாபநாசத்திலிருந்து துணைக்கு வந்த மகளுக்கு நடவு நேரத்தில் போகும் கூலியைக் காப்பீட்டு அட்டை தராது.

யாருக்கு வரும் என்பதை முன்பே கணிக்கலாம். 1999இல் ஆப்ஃபெல் குழுவினர் நான்கே கேள்விகளில், ஆம் என்ற ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புள்ளி என்று அடக்கினார்கள்: பெண்ணா, புகைக்காதவரா, பயணத்தில் குமட்டுமா அல்லது முந்தைய அறுவையில் வாந்தி வந்ததா, பிறகு ஓபியாய்டு வலிமருந்து தரப்படுமா. எதுவும் இல்லையென்றால் வாய்ப்பு சுமார் 10 விழுக்காடு; இரண்டுக்கு 40, மூன்றுக்கு 60, நான்குக்கு 80. டெல்டாப் பெண்களில் புகைப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, மேசையில் படுக்கும்போதே இரண்டு புள்ளி. பேருந்தில் சன்னலோரம் கேட்பவராக இருந்தால் மூன்று.

மருந்து அரியதல்ல. ஆன்டன்செட்ரான், டெக்சாமெத்தசோன் இரண்டுமே தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. பல மருத்துவர்கள் கேட்காமலே போடுகிறார்கள். போடாதவர் யார் என்பதுதான் தெரிவதில்லை. மொத்தத் தொகை முறையில் கொடுக்காத ஊசி மருத்துவமனைக்கு மிச்சம்.

அமெரிக்காவில் இதற்குக் குறியீடுகள் உண்டு. 4556எஃப் என்றால் வாந்திக்கான மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகள் உள்ளவர்; வெவ்வேறு வகை மருந்துகள் குறைந்தது இரண்டு தரப்பட்டனவா என்பதற்கு இன்னொன்று. இவற்றுக்குத் தனிக் காசு கிடையாது. மருத்துவரின் தர மதிப்பெண்ணில் சேரும்.

காசு வைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? தேவையில்லாதவருக்கும் ஊசி ஏறும், பில்லில் ஒரு வரி கூடும். எனவே விலையில்லாக் குறியீடுதான் வேண்டும். தொகை கோரும் படிவத்தில் புள்ளி எத்தனை, கொடுத்த மருந்து எவை என்று இரண்டு கட்டங்கள். முதல் நாளில் வாந்தி வந்ததா என்பது மூன்றாவது. அதை வார்டு செவிலியர் நிரப்பட்டும். ஏற்கெனவே திணறும் மயக்கவியல் மருத்துவருக்கு இன்னொரு காகிதமா என்ற முணுமுணுப்பு நியாயமே. ஆனால் முதல் இரண்டும் அவரது குறிப்பேட்டில் இருக்க வேண்டிய விவரங்கள்தாம்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இராசா மிராசுதார் மருத்துவமனையிலும் தொடங்கட்டும். அடுத்த சில மாதங்களில் தனியாருக்கும் கட்டாயமாக்கி, கட்டம் காலியாக வரும் படிவத்துக்குத் தொகையை நிறுத்தி வைக்க வேண்டும்.