லென்ஸைக் கேட்காத பேட்டிகள்

திரைப்பட விழாவில் சாதி இந்து இயக்குநர் கிடைத்தால் ஒளி, ஒலி, எடிட்டிங் என்று ஒரு மணிநேரம் பேட்டி. தலித் இயக்குநர் வந்தால் ஒரே கேள்விதான்: 'இது உங்க சொந்தக் கதையா?' அதென்ன, கலை அவங்களுக்கு, காயம் நமக்கா?

நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி'யில் (2013) பன்றி பிடிக்கிற குடும்பம், பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் ஒலித்ததும் விறைத்து நிற்கிறது. பன்றி நழுவிப் போகிறது. சிரிப்பையும் அவமானத்தையும் ஒரே காட்சியில் கட்டிய கை அது. அழுகைக்கதை கேட்க வந்தவனுக்கு அந்தக் கை எங்கே தெரியப்போகுது?

மற்றவனைச் சொல்வானேன். நானே ஒரு குறும்பட விழாவில் நம்ம தோழர் ஒருவரிடம் ரெக்கார்டரை நீட்டி ஊர், சேரி, அடி, உதை என்றே கேட்டேன். 'தோழர், என்ன லென்ஸ்னு கேக்கவே மாட்டீங்களா?' என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பேட்டியை அச்சுக்குத் தரவில்லை. மறுபடி போகிறேன், லென்ஸிலிருந்து தொடங்க.