அசைவு சொல்லும் சேதி



குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றி வீட்டிற்குக் கொணர்ந்ததும், 'பிழைத்துவிட்டது, இனிக் கவலையில்லை' என்று ஆறுதல் கொள்கிறோம். ஆயினும் 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைகளுள் சிலருக்குப் பின்னர் மூளை முடக்குவாதம் தோன்றுவதுண்டு. உட்காரவில்லை, நடக்கவில்லை என்று நாம் உணர்வதற்குள் ஓராண்டோ ஈராண்டோ கழிந்துவிடுகிறது. மூளை எளிதிற் பழகிக்கொள்ளும் பருவம் அதுவேயன்றோ!

இதனை முன்னரே அறிய ஒரு வழி உண்டு. வியன்னாவிற் பிறந்த மருத்துவர் ஹைன்ஸ் பிரெக்டல், குழந்தை தானாக அசையும் விதமே அதன் மூளையின் நிலையை உணர்த்தும் என்று கண்டார். குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, விழித்து அமைதியாயிருக்கையில், கொஞ்சாமலும் பொம்மை காட்டாமலும் சில நிமிடம் படம் பிடிப்பர். பயிற்சி பெற்றவர் அதனைப் பார்த்து மதிப்பிடுவார். மூன்று முதல் ஐந்து மாதம் வரை கழுத்திலும் உடலிலும் கை கால்களிலும் எல்லாத் திசைகளிலும் ஓயாத சிறு அசைவுகள் காணப்பட வேண்டும். 1997இல் வெளிவந்த அவர்தம் ஆய்வில் 130 குழந்தைகள் இடம்பெற்றனர். இவ்வசைவு சரியாயிருந்த 70 பேரில் 67 பேர் நலமாய் வளர்ந்தனர். அது பிழைபட்டோ இல்லாமலோ இருந்த 60 பேரில் 57 பேருக்கு நரம்புக் குறைபாடு தோன்றியது.

மாதத்தை எண்ணும் முறையில் கவனம் தேவை. எட்டு வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு, பிறந்து ஐந்து மாதமானால்தான் மூன்று மாதக் கணக்கு. பிரசவ தேதியென்று மருத்துவர் குறித்த நாளிலிருந்தே எண்ணுக.

இப்பரிசோதனை எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. எனினும் 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டந்தோறும் குழந்தைகளின் வளர்ச்சியைச் சோதித்துப் பயிற்சியளிக்கும் இடையீட்டு மையங்கள் ஏற்பட்டுள்ளன. கெங்கவல்லியிலிருந்து ஆத்தூர் வழியாகச் சேலம் சென்று வர ஒருநாள் கூலி போய்விடும் என்பது மெய்யே. ஆயினும் மருத்துவர் குறித்த நாளைத் தவறவிடாதீர்கள். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்போர் அன்பினால் சொல்கின்றனர். ஆனால் இழக்கப்படும் மாதங்கள் குழந்தையினுடையவை.

சோதனையின் முடிவு தீர்ப்பன்று. மேற்கண்ட ஆய்விலேயே அறுவர் விஷயத்தில் கணிப்புப் பொய்த்தது. அது குழந்தையின் அறிவை அளக்கும் கோலும் அன்று. குறை தெரிந்தால், தாயின் மடியிலேயே பயிற்சியைத் தொடங்கலாம். தெரியாவிடில் நிம்மதியாக உறங்கலாம். ஆகவே, அறிந்துகொள்ள அஞ்சாதீர்கள்.