சுழலாத விசிறி

கடுகண்ணாவை ஏற்றத்தைத் தடையின்றி ஏறிவந்த மோட்டார் வண்டி, கண்டி நகருக்குள் தலதா வீதி நெரிசலில் சிறிது நேரம் நின்றதும் கொதிக்கத் தொடங்குவதுண்டு. ஏற்றத்தில் வாராத சூடு சமதரையில் வருவானேன்?

ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே விசிறி. நிற்கும் வண்டிக்கு றேடியேற்றரின் பின்னுள்ள விசிறி ஒன்றே துணை. ஆதலின், ஓடும்போது தணிந்து, நிற்கும்போது ஏறும் சூடானால் முதலில் விசிறியையே ஐயுற வேண்டும். விரைந்து ஓடும்போதும் சூடு ஏறுமாயின் நீர்க்குறைவு, அடைப்பு முதலிய பிற காரணங்களைத் தேடுக.

பழைய வண்டிகளில் இயந்திரமே பட்டியினால் விசிறியைச் சுழற்றியது. இன்றைய சிறு கார்கள் பலவற்றில் மின்மோட்டார் அதனைச் சுழற்றுகிறது. பற்றறியிலிருந்து உருகி, றிலே, மோட்டார் என்று சென்று, வண்டியின் உடல்வழியே மின்னோட்டம் மீள்கிறது. நீர் ஏறக்குறைய 95 முதல் 100 பாகை வரை சூடானதும் வெப்ப உணரி தூண்ட, றிலே இயங்குகிறது. மாணவர்கள் பாடத்திற் படிக்கும் மின்காந்தமே இந்த றிலே. சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடுவது அதன் தொழில்.

சோதனையும் இந்த வழியிலேயே செல்லட்டும். முதலில் உருகியைப் பார்ப்போம். அது நன்றாயின், அதே எண்ணுள்ள வேறொரு றிலேயை மாற்றிப் பொருத்துவோம். பின்னர், இரு வயர் மட்டுமுள்ள விசிறியானால், அதன் செருகியைக் கழற்றி, உருகி பொருத்திய வயரினால் பற்றறியிலிருந்து நேரே மின் கொடுப்போம். சுழலாவிடில் பழுது மோட்டாரில். சுழன்றால் மோட்டார் குற்றமற்றது. அப்போது செருகி, வயர், உணரி ஆகியவற்றை ஆராய்க. மழை மிகுந்த நம் மலைநாட்டில் செருகியினுள் பச்சைக் களிம்பு படிந்து மின்னைத் தடுப்பதுமுண்டு. இவ்வொழுங்கை விடுத்து, கண்டபடி பாகங்களை வாங்கி மாற்றுவது வீண் செலவே.

மூன்று எச்சரிக்கைகள். உருகி மீண்டும் மீண்டும் எரிந்தால் அதனினும் பெரியதைப் போடலாகாது; வயர் தீப்பற்றும். இயந்திரம் நின்ற பின்னும் விசிறி திடீரெனச் சுழலக்கூடும். பற்றறியின் இணைப்பைக் கழற்றாமல் அதனருகே கையை நீட்டலாகாது. சூடாயிருக்கும் றேடியேற்றரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தினால் உள்ளே நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாது அடங்கியிருக்கும். மூடி திறந்த கணமே பொங்கி முகத்தைச் சுடும்.

பெரஹரா நாட்களில் நெரிசலிடையே வெப்பமானியின் முள் ஏறக் கண்டால், குளிரூட்டியை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டி, இயந்திரத்தை அணைத்துவிடுவோம். வீட்டை அடைந்துவிடலாமென்று ஓட்டினால் இயந்திரத்தின் தலைப்பகுதியே வளைந்துபோகும். சில ரூபாய் உருகியோடு முடியவேண்டிய செலவு, குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும். சற்றுப் பொறுத்தலே இங்கு பெருஞ் சிக்கனம்.