பிளெக்ஸ் வேண்டாம், ஒரு ராத்திரி போதும்



சிந்தாமணி ரகுநாதாச்சாரிக்கு விளாத்திகுளத்தில் விழா எடுப்போம் என்று குழுவில் எழுதினேன். ரெண்டு பதில் வந்தது. "யார் சார் அது, நம்ம ஊர்க்காரரா?" என்று ஒன்று. "ஜமாய்ச்சிரலாம் சார், பஸ் ஸ்டாண்டுல பத்தடி பிளெக்ஸ் வச்சிருவோம்" என்று இன்னொன்று. ரெண்டுமே எனக்கு வருத்தம்தான்.

நம்ம ஊர்க்காரர் இல்லை. சென்னை வான் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். 1867இல் தெற்கு வானில் ஆர் ரெட்டிகுலி என்ற, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9இல் வெள்ளி சூரியனைக் கடக்கப்போகிறது என்றதும், சாதாரண சனங்களுக்கும் புரியட்டும் என்று இந்திய மொழிகளிலும் நூல் வெளியிட்டார்.

"நம்ம சித்தர்கள் அன்னைக்கே சொல்லிட்டாங்க மாமா" என்று ஃபார்வர்டு அனுப்பும் மருமகன்களுக்கு ஒரு வார்த்தை. அவரும் பஞ்சாங்கம் போட்டவர்தான். ஆனால் வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும் என்று நின்றவர். கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது "வாக்கியமா, திருக்கணிதமா" என்று இன்றைக்கும் சண்டை போடுகிறோமே, அதில் திருக்கணிதத்தின் பக்கம் பேசியவர். முன்னோர் கணக்கைச் சரிபார்ப்பதும் முன்னோருக்குச் செய்யும் மரியாதைதான்.

இப்படிப்பட்டவருக்கு மேடை போட்டு, போகஸ் லைட் அடித்து, நாலு பேர் பொன்னாடை போர்த்திக்கொள்வதா? அந்த வெளிச்சத்தில் ஒரு நட்சத்திரம் கண்ணில் படுமா?

டிசம்பர் 9 ராத்திரி ஊர் வெளிச்சம் தாண்டிக் கரிசக்காட்டுக்குப் போவோம். பதினொன்றே முக்கால் வாக்கில் அவர் கண்ட நட்சத்திரம் நேர் தெற்கே, சுமார் 18 டிகிரி உயரத்தில் நிற்கும். சென்னையில் தெரிவதைவிட நமக்கு 4 டிகிரி மேலே. வெறுங்கண்ணுக்குச் சிக்காது. ஆகவே பிளெக்ஸ் காசில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டெலஸ்கோப் வாங்குங்கள். அது மங்கிக் கிடக்கும் காலமென்றால் பிள்ளைகளுக்கு இடத்தையாவது காட்டலாம். மேகம் மூடினால் மறுநாள் போவோம்.

கலிலியோவை வருஷா வருஷம் உங்களுக்கு நடத்தினேன். இவர் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே அப்போது தெரியாது. அந்தக் கடனை அடைக்கத்தான் கேட்கிறேன்.

வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள். மழை ஈரம் இருக்கும், பூச்சி பொட்டு கிடக்கும். செருப்பில்லாமல் யாரும் வராதீர்கள்.