ஓடிபி சொல்லப் பேரன் இல்லாத வீடு

கலசப்பாக்கம் வட்டாரத்தில் எழுபதைத் தாண்டிய எந்த ஆயாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆயுளில் வந்த கருவிகள் பெரும்பாலும் ஊருக்கோ வீட்டுக்கோ பொதுவாக வந்தவை. பஞ்சாயத்து ரேடியோ தெருவுக்கே பாடியது. அதைத் திருகிவிட ஓர் ஆள் இருந்தார். 2006இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சி, வீட்டுக்கு ஒன்று என்று வந்தது. பக்கத்து வீட்டாரும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார்கள். 2011இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மடிக்கணினி வந்தபோதுதான் கருவி தனி ஒருவரின் பெயரில் வரத் தொடங்கியது. 2016க்குப் பிறகு மலிவு விலை இணையம் பரவி, ஆளுக்கொரு செல்போன் ஆனது.

கருவி தனியாளுக்கானதாக மாறிய அதே ஆண்டுகளில், அரசின் சேவைகளும் அந்தக் கருவிக்குள் போய்விட்டன. ஆயாவின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அவருக்கு அறிவு குறைவு என்பதாலோ பயம் என்பதாலோ வந்ததல்ல இது.

பிறந்த ஆண்டை வைத்து மக்களை இரண்டாகப் பிரிக்கும் வழக்கத்தை 2001இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி பரப்பினார். டிஜிட்டல் உலகிலேயே பிறந்தவர்கள் ஒரு பக்கம், பிற்பாடு அதில் குடியேறியவர்கள் மறுபக்கம். கலசப்பாக்கத்தை ஒட்டிய ஜவ்வாது மலையைப் பார்த்தால் இந்தக் கணக்கு உதவாது. இதே மலைத்தொடரின் காவலூரில் 1960களின் இறுதியிலிருந்து வானாய்வு நடக்கிறது. 1977இல் யுரேனஸின் வளையங்களை வெளிப்படுத்திய அவதானிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. 1986இல் அங்கே திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அன்றைக்கு ஆசியாவிலேயே பெரியவற்றுள் ஒன்று. அத்தகைய மலையில் பிறந்த பிள்ளைகளுக்கும், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, பாடம் கேட்க முதலில் டவர் கிடைக்க வேண்டியிருந்தது. நாடெங்கும் 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததே 2022 ஜூலையில்தான். ஒரே ஆண்டில் பிறந்த இருவரில் ஒருவர் சென்னையிலும் மற்றவர் மலை ஊரிலும் வளர்ந்தால், அவர்கள் இரண்டு தலைமுறையினர்தான்.

கீழே, செய்யாற்றுப் படுகை ஊர்களுக்கு வருவோம். ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும். நாற்று நட்டும் களை பறித்தும் விரல் தேய்ந்தவருக்குப் பல நேரம் ரேகை விழுவதில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. நாளொன்றுக்கு இரண்டு முறை வேலை செய்யும் இடத்தில் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். காலையில் மண் வெட்டியவரின் கூலி, படம் ஏறுகிறதா என்பதைப் பொறுத்ததாயிற்று. வங்கிக் கணக்கோ ஆதார் திருத்தமோ, இணையத்தில் எதைத் தொட்டாலும் ஓடிபி என்னும் ஒருமுறைக் கடவு எண். அது வரும் செல்போன் பேரனுடையது. பேரன் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறான். அவன் ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்ப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும்.

ஒவ்வொரு வீட்டிலும் செல்போன் தெரிந்த இளையவர் ஒருவர் சும்மா இருப்பார் என்ற நினைப்பின் மேல்தான் இத்தனை ஏற்பாடும் நிற்கிறது. முன்பு கிராம நிர்வாக அலுவலரும் தபால்காரரும் சம்பளத்துக்குச் செய்த வேலையின் ஒரு பகுதி, இன்று சம்பளமில்லாமல் பேரப்பிள்ளைகள் தலையில் விழுந்திருக்கிறது. பேரப்பிள்ளை இல்லாதவர்கள் நெட் சென்டரில் காசு கொடுக்கிறார்கள். தன் வங்கிக் கணக்கை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முதியவர் இழப்பது பணத்தை மட்டுமல்ல. வீட்டில் அவர் பேச்சுக்கு இருந்த எடையும் குறைகிறது. இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

இளையவர்களுக்கும் எல்லாம் தெரியும் என்று எண்ண வேண்டாம். செல்போனில் மட்டுமே வளர்ந்த பிள்ளை வீடியோ எடுத்து வெட்டி ஒட்டுவான். ஒரு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து, சான்றிதழை அளவு குறைத்து இணைக்கத் திணறுவான். அதற்குப் பழகியவர்கள் மடிக்கணினி பெற்ற தலைமுறை. 2011இல் பிளஸ் டூ படித்தவர்களுக்கு இன்று முப்பது கடந்துவிட்டது. தாலுகா ஆபீசில் மனு எழுதிக் கொடுத்த காலமும் தெரியும், பட்டாவை இணையத்தில் எடுக்கவும் தெரியும். இரண்டு பக்கமும் அறிந்த இவர்களை ஊரில் நிறுத்த நம்மிடம் வேலை இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் இருக்கும் வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருட்கள் போகின்றன. கருவியைத் தேடி மனிதர் போகாமல், கருவியை எடுத்துக்கொண்டு ஓர் ஊழியர் வருகிறார். இந்த அணுகுமுறையை அரிசியோடு நிறுத்தக் கூடாது. கலசப்பாக்கம், ஜவ்வாது மலை ஒன்றியங்களில் ஊராட்சிக்கு ஒருவர் என, மடிக்கணினித் தலைமுறையிலிருந்தே முறையான சம்பளத்துக்கு ஆள் நியமிக்க வேண்டும். ரேகை விழாவிட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே பொருள் கொடுக்கும் அதிகாரம் கடைக்காரருக்கு வேண்டும். டவர் இல்லாத இடத்தில் வருகைக்குத் தாள் பதிவேடே செல்லும் என்று எழுத்து மூலம் ஆணை வேண்டும். இந்த மூன்றையும் வரும் கிராம சபையில் தீர்மானமாக எழுதி வையுங்கள்.